தருமபுரியிலிருந்து சிம்பொனிக் கச்சேரிக்கு: முதன்முறை செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாலை 7 மணிக் கச்சேரிக்கு 7.12-க்குப் போய் நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தருமபுரியிலிருந்து மதியம் 2.30 மணிக்குக் காரில் புறப்பட்டு, ஓசூர் சாலையில் சில்க் போர்டு சந்திப்பை ஊர்ந்து கடந்து, பெங்களூருவின் அந்த அரங்கத்தை அடைந்தபோது கதவு சாத்தப்பட்டிருந்தது. முதல் உருப்படி முடியும்வரை யாரையும் உள்ளே விட முடியாது என்று வாசலில் நின்ற இளைஞர் பணிவாகச் சொல்லிவிட்டார். அரை மணி நேரத்துக்கும் மேலாக, மரக்கதவின் மறுபக்கத்திலிருந்து கசிந்துவந்த வயலின்களின் ஒலியை, கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே வெளியில் நின்று கேட்டேன். அடுத்த முறை அம்மா, அத்தை, அண்ணன் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பதினொரு பேராகச் சென்றபோது முன்னிருந்த தவறுகளில் பலவற்றைத் தவிர்த்தேன். புதிதாகச் சிலவற்றையும் செய்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து முதன்முறையாகப் புறப்படும் உங்களுக்கு இரண்டு பயணங்களின் அனுபவமும் உதவக்கூடும்.

1. என்ன கச்சேரி என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்

நம் பக்கத்தில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வரவேற்பிலும் கோயில் திருவிழாவிலும் திரைப்பாடல் பாடும் மெல்லிசைக் குழு என்றுதான் பொருள். நான் போய்வந்ததைச் சொன்னபோது, "அதற்கு ஏன் பெங்களூரு வரை போக வேண்டும்?" என்று கேட்டவர்களே அதிகம். நான் சொல்வது மேற்கத்தியச் செவ்வியல் இசையை வாசிக்கும் பெரிய வாத்தியக் குழுவை. அத்தகைய குழுவுக்காக எழுதப்படும், பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பே சிம்பொனி. 2025 மார்ச் 8 அன்று இளையராஜா லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுடன் தம் சிம்பொனியை அரங்கேற்றிய பிறகு இந்தக் குழப்பம் ஓரளவு தீர்ந்திருக்கிறது. கிராஸ்ஓவர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், மேற்கத்தியச் செவ்வியல் வாத்தியக் குழுவுடன் வேறொரு மரபு மேடையைப் பகிர்ந்துகொள்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அது கர்நாடக வயலினாகவோ, சித்தாராகவோ, மிருதங்கமாகவோ, திரையிசையாகவோ இருக்கலாம்.

விளம்பரச் சொற்களை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். மேடையில் எத்தனை கலைஞர்கள் வாசிக்கிறார்கள், பதிவு செய்த டிராக் ஏதேனும் பின்னால் ஓடுமா, ஒலிபெருக்கி உண்டா, இடைவேளை உண்டா ஆகிய நான்கையும் ஏற்பாட்டாளரிடம் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்றால் எழுபது முதல் நூறு பேர் வரை இருப்பார்கள். சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்னும் சிறிய குழு என்றால் நாற்பது பேருக்குள் அடங்கிவிடும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடக்கும் சில நிகழ்ச்சிகளில் இரண்டு வயலின், அதைவிடப் பெரிய ஒரு வியோலா, அதனினும் பெரிய ஒரு செல்லோ என நால்வர் மட்டுமே வாசிப்பார்கள். அதுவும் நல்ல இசைதான். ஆனால் எழுபது கலைஞர்கள் ஒன்றாக வாசிப்பதைப் பார்க்கும் ஆசையோடு போனவருக்கு அங்கே ஏமாற்றமே மிஞ்சும்.

2. நாளும் ஊரும்

சனிக்கிழமைக் கச்சேரியையே தேர்ந்தெடுங்கள். ஞாயிறு மாலையில் நாம் பெங்களூருவுக்குள் நுழையும் நேரமும், வார இறுதிக்குச் சொந்த ஊர் வந்தவர்கள் வேலைக்குத் திரும்பும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. ஓசூரிலிருந்து கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி வரை வண்டிகள் நகராமல் நிற்பதை அந்தச் சாலையில் போனவர்கள் அறிவார்கள். பொங்கல், தீபாவளி, தொடர் விடுமுறை ஆகியவற்றை ஒட்டிய நாள்களில் கச்சேரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நான் போக மாட்டேன்.

சென்னைக் கச்சேரி என்றால் கணக்கே வேறு. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. ஜோலார்பேட்டைக்குப் போய்த்தான் ஏற வேண்டும். தருமபுரிக்காரர்களுக்கு மொரப்பூர் வசதி. முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே திறந்துவிடும் என்பதால், கச்சேரி டிக்கெட் வாங்கிய அன்றே ரயில் டிக்கெட்டையும் எடுத்துவிடுவது நல்லது. தட்கலை நம்பியிருந்தால், முன்பதிவுக் கணக்கில் ஆதாரை முன்கூட்டியே இணைத்து வையுங்கள். 2025 ஜூலையிலிருந்து அது இல்லாமல் இணையத்தில் தட்கல் எடுக்க முடியாது. சென்னை என்றால் இரவு தங்கவும் வேண்டும். ஆகவே முதல் முறைக்குப் பெங்களூருவே உகந்தது. இனி அதைப் பற்றியே சொல்கிறேன்.

3. டிக்கெட்: விலையும் இருக்கையும்

₹500 வரையுள்ள இசைநிகழ்ச்சி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு மேல் போனால் 18 சதவீதம். விளம்பரத்தில் ₹1,000 என்று போட்டு, வரி சேர்க்கவில்லை என்றால் ₹180 கூடும். அதன்மேல் முன்பதிவுத் தளத்தின் சேவைக் கட்டணமும் ஏறும். பதினொரு பேருக்கு எடுக்கும்போது இந்தச் சில்லறையே கணிசமான தொகையாகிவிடுவதால், பணம் கட்டும் பக்கம் வரை சென்று மொத்தத் தொகையைப் பார்த்த பிறகே வீட்டாரிடம் கணக்குச் சொல்லுங்கள். பத்துப் பேருக்கு மேல் போவதாக இருந்தால், ஏற்பாட்டாளரை நேரடியாக அழைத்துக் குழுச் சலுகை உண்டா என்று கேட்கலாம். மாணவர் சலுகையையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

அதிக விலையுள்ள இருக்கையே நல்ல இருக்கை என்பது நான் பட்டறிந்த முதல் மூடநம்பிக்கை. முதல் வரிசையில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வயலின்காரர்களின் காலணிகள்தான் தெரியும். பின்னால் இருக்கும் புல்லாங்குழலும் கொம்பு வாத்தியங்களும் கண்ணில் படாது, ஒலியும் இடப்பக்கத்து வயலின்களிலிருந்தே மிகுதியாக வரும். ஒலிபெருக்கி இல்லாத அரங்கில் நடு வரிசைக்குச் சற்றுப் பின்னால், நட்டநடுவில் உட்காருங்கள். அல்லது மாடியின் முதல் வரிசை. அங்கேதான் எல்லா வாத்தியங்களும் கலந்து ஒரே உருவாக வந்து சேர்கின்றன. ஒலிபெருக்கி இருந்தால், மேடையின் இரு ஓரங்களில் அடுக்கியிருக்கும் பெட்டிகளுக்கு நேரே உள்ள இருக்கைகளைத் தவிர்த்துவிடுங்கள். அத்தைக்கு முழங்கால் வலி என்பதால் மாடியை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தில் எடுத்தோம். வயதானவர்களோடு போகிறவர்கள் படிக்கட்டைப் பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

4. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

டிக்கெட் கைப்பேசியில்தான் வரும். அதைத் திரைப்பிடிப்பாக எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சில தளங்களில் செயலியைத் திறந்து காட்டும் கியூஆர் குறியீடு மட்டுமே செல்லும். பதினொரு டிக்கெட்டும் என் ஒருவன் கைப்பேசியில் இருந்ததால், கடைசியாக வந்தவர் சேரும்வரை மற்ற பத்துப் பேரும் வாசலிலேயே காத்திருக்க நேர்ந்தது. இரண்டு மூன்று பேரின் கணக்கில் பிரித்து எடுங்கள். கைப்பேசி மின்னேற்றத்துக்குப் பவர் பேங்க் ஒன்று இருக்கட்டும்.

பதிவு செய்தவரின் ஆதார் அல்லது வேறு புகைப்பட அடையாள அட்டை வேண்டும். மாணவர் சலுகையில் எடுத்திருந்தால் கல்லூரி அடையாள அட்டையின் அசல் வேண்டும். நகல் செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பையனை நான் வாசலில் பார்த்தேன். குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு. ஐந்து அல்லது ஆறு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை என்று பல நிகழ்ச்சிகளில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற பேருந்துக் கணக்கு இங்கே எடுபடாது.

5. வண்டி

சொந்தக் காரில் போவதற்குத் தனி அனுமதி எதுவும் வேண்டாம். வாடகை வண்டி என்றால் கவனம் வேண்டும். எங்களுக்கு முதலில் பேசிய ஒருவர், மற்றவர்களைவிட இரண்டாயிரம் குறைத்துச் சொன்னபோது மகிழ்ந்துபோனோம். விசாரித்தால் அது வெள்ளை நம்பர் பலகை போட்ட சொந்த உபயோக வண்டி. அப்படிப்பட்ட வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றிச் சென்று அத்திப்பள்ளியில் பிடிபட்டால், அபராதத்தோடு உங்கள் மாலையும் அங்கேயே முடிந்துவிடும்.

மஞ்சள் பலகை வேனாக எடுங்கள். ஆர்.சி., எஃப்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றோடு அகில இந்தியச் சுற்றுலா பர்மிட் இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். அது இல்லாத வண்டிக்குக் கர்நாடகத்துக்குள் செல்லத் தற்காலிக பர்மிட்டும் வரியும் கட்ட வேண்டியிருக்கும். அதை முந்தைய நாளே இணையத்தில் கட்டிவிட்டு ரசீதை அச்செடுத்து வைக்கும்படி உரிமையாளரிடம் சொல்லுங்கள். எல்லையில் இறங்கிக் கட்டலாம் என்று சொல்பவருக்கு உங்கள் கச்சேரி நேரத்தைப் பற்றிக் கவலையில்லை. பயணிகளின் பெயர், வயதுப் பட்டியல் ஒன்றையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஃபாஸ்டாகில் இருப்பு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி டோல்கேட்டிலேயே அது தெரிந்துவிடும், அங்கே ஃபாஸ்டாக் இல்லாமல் கட்டினால் கூடுதல் தொகை.

செலவு எங்களுக்கு இவ்வாறு ஆயிற்று: பன்னிரண்டு இருக்கை வேனுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் வாடகை, ஓட்டுநர் படி, சுங்கம் எல்லாம் சேர்த்து ₹8,500, அதாவது தலைக்கு ₹775 அளவில், டிக்கெட் வரியும் கட்டணமும் சேர்ந்து ஏறத்தாழ ₹920, மெட்ரோ இரு வழிக்கும் ₹200-க்குள், சிற்றுண்டி ₹150. ஆளுக்கு ₹2,000-ஐச் சற்றே தாண்டியது. பேருந்திலேயே போய்வந்தால் இதில் முந்நூறு, நானூறு குறையும்.

6. நேரக் கணக்கு

வேனை நகரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் வழித்தடம், ஓசூர் சாலையில் அத்திப்பள்ளிக்கும் சந்தாபுராவுக்கும் அடுத்து வரும் பொம்மசந்திராவில் தொடங்கி, ஆர்.வி. ரோடு நிலையம் வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டர் செல்கிறது. ஆர்.வி. ரோட்டில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் மந்திரி ஸ்கொயர் சம்பிகே ரோடு நிலையம் வரை போகலாம். வயலின் வடிவில் கட்டப்பட்ட சௌடையா நினைவு அரங்கத்துக்கு அங்கிருந்து ஆட்டோ போதும். எம்.ஜி. ரோடு பக்கத்து அரங்குகளுக்கு மெஜஸ்டிக்கில் இறங்கி ஊதா வழித்தடத்துக்கு மாற வேண்டும். முதல் பயணத்தில் சில்க் போர்டில் நான் தொலைத்த நேரத்தில், இரண்டாம் முறை இருக்கையில் உட்கார்ந்துகொண்டே ஜெயநகரைத் தாண்டிவிட்டேன்.

மாலை 7 மணிக் கச்சேரிக்கு எங்கள் அட்டவணை இது: தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து மதியம் 12.30-க்குப் புறப்பாடு, 1.30-க்குக் கிருஷ்ணகிரி, ஓசூரில் தேநீர், 3.45 அளவில் பொம்மசந்திரா; 5.15-க்கு மந்திரி ஸ்கொயர், மல்லேசுவரத்தில் சிற்றுண்டி, 6.15-க்கு அரங்க வாசல். சீக்கிரம் போய் என்ன செய்வது என்று அண்ணன் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். எல்லையில் நாற்பது நிமிடம் நின்றிருந்தாலும் இந்த அட்டவணை தாங்கியிருக்கும். நான் முன்னொரு முறை கடைப்பிடித்த அட்டவணை பத்து நிமிடத்தைக்கூடத் தாங்கவில்லை. பாலக்கோடு, இராயக்கோட்டை பக்கத்தவர்கள் கிருஷ்ணகிரிக்கு வராமல் அந்தச் சாலையிலேயே நேராக ஓசூரை அடையலாம்.

பேருந்தில் வருகிறவர்கள் பொம்மசந்திராவில் நிறுத்துவார்களா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிட வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டியில் மேம்பாலம் ஏறிவிட்டால் சில்க் போர்டு பக்கம்தான் இறக்குவார்கள். அங்கும் மஞ்சள் வழித்தட நிலையம் இருப்பதால் பெரிய நட்டமில்லை.

சோற்று மூட்டையும் பெரிய பைகளும் வேனிலேயே இருக்கட்டும். அரங்கத்துக்குள் உணவை விட மாட்டார்கள், பை வைக்க இடமும் பல அரங்குகளில் இல்லை. குளிர்சாதனம் கடுமையாக இருக்கும் என்பதால் வயதானவர்களுக்குச் சால்வை ஒன்று போதும். எங்கள் அத்தை புளிசாதத் தூக்கைக் கையோடு எடுத்துவந்துவிட்டார். காவலரோடு நடந்த பேச்சுவார்த்தையை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

7. உள்ளே: முதல் பத்து நிமிடம்

இவ்வளவு முன்னேற்பாடும் இந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான். கலைஞர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, ஆளுக்கொரு சுரத்தை உருட்டிக்கொண்டிருப்பார்கள். சந்தைக்கடை இரைச்சல் போல இருக்கும். பிறகு முதல் வயலின் வரிசையின் தலைவர் எழுந்து நிற்பார். ஓபோ என்னும் குழல் 'ஏ' சுரத்தை நீட்டும். பொதுவாக நொடிக்கு 440 அதிர்வு. அதை வாங்கி ஒவ்வொரு பிரிவும் சுருதி சேர்க்கும்.

தருமபுரிப் பக்கத்தில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த ஓபோவைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். நம் கூத்தில் வேடக்காரர் திரைக்குப் பின்னால் நிற்கும்போதே ஊரை எழுப்பும் முகவீணையும் இந்த ஓபோவும் ஒரே குடும்பம். இரண்டிலும் இரட்டை நாணல்தான் ஒலியைப் பிறப்பிக்கிறது, நாகசுரத்தின் சீவாளியைப் போல. முகவீணையின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கி, தொண்டையைக் கனியவைத்தால் ஓபோ. அம்மா என் கையைப் பிடித்து, "நம்ம கூத்துக் குழல் மாதிரி இருக்குதே" என்றார். கதவுக்கு வெளியே நின்ற அன்று நான் இழந்தது இதைத்தான் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

கர்நாடகக் கச்சேரியில் தம்புரா கடைசிவரை சுருதியை விடாமல் பிடித்திருக்கும். இங்கே அந்த ஒரு சுரம் எல்லோருடைய காதிலும் வைக்கப்பட்டு, அடங்கி, முழு அமைதி வந்துவிடும். அந்த அமைதிக்குள்ளிருந்து முதல் வில் எழும்போது, ஒலிபெருக்கி இல்லாத அரங்கில், டபுள் பாஸ் என்னும் மிகப் பெரிய வில் வாத்தியத்தின் அதிர்வு காலடித் தரை வழியாக உடலுக்குள் வரும். கைப்பேசியிலும் காரின் ஒலிப்பெட்டியிலும் இதே இசையை நூறு முறை கேட்டிருந்தாலும் இது கிடைக்காது. மனம் லேசாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதற்கு இங்கே உடல் சார்ந்த காரணம் இருக்கிறது: எழுபது பேர் மூச்சையும் கையையும் ஒரே நொடியில் இணைப்பதைக் கண்ணெதிரே பார்க்கும்போது நம் மூச்சும் அறியாமலே அதோடு சேர்ந்துகொள்கிறது. தூக்க மாத்திரை இல்லாமல் உறங்காத எங்கள் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் இடைவேளையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. முகத்தைப் பார்த்து நாங்களும் கேட்கவில்லை.

கொஞ்சம் தயாரிப்போடு போனால் பிடி கிடைக்கும். சங்கராபரண ராகத்தின் சுரங்கள் மேற்கத்திய மேஜர் ஸ்கேல் என்னும் சுர வரிசைக்குப் பொருந்துபவை. கீரவாணி ராகம் மேற்கத்தியரின் ஹார்மோனிக் மைனர் என்னும் சுர வரிசை. இந்த இரண்டையும் முந்தைய வாரத்தில் கேட்டு வையுங்கள். கிராஸ்ஓவர் கச்சேரியில் கவனிக்க வேண்டிய இடம், சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம். முப்பது வயலின்கள் ஒரு கமகத்தை ஒரே வளைவில் அசைப்பது மிகக் கடினம் என்பதால், இசையமைப்பவர்கள் பெரும்பாலும் கமகத்தைத் தனிக் கலைஞரிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களை நீண்ட சுரங்களில் நிறுத்திவைப்பார்கள். ஒருவர் மட்டும் ஆடுவதும் மற்றவர்கள் நிலம் போல அசையாமல் தாங்குவதும் நேரில் பார்த்தால்தான் விளங்கும்.

கைதட்டுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. சிம்பொனி பல பகுதிகளாக வரும். ஒரு பகுதி முடிந்து அமைதி வந்ததும் தட்டிவிடக்கூடாது. கையசைத்துக் குழுவை வழிநடத்தும் இசை நடத்துநர் (பேருந்து நடத்துநரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) கைகளைக் கீழே இறக்கி, அவையை நோக்கித் திரும்பிய பிறகு தட்டுங்கள். மிருதங்கத் தனியாவர்த்தனம் போன்ற இடங்களில் கிராஸ்ஓவர் அவைகள் நடுவிலேயே தட்டுவதுண்டு. ஐயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துத் தட்டலாம். தொடையில் தாளம் போடும் பழக்கத்தை ஓசையின்றி விரலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படம் பிடிக்க அனுமதி உண்டா என்று அறிவிப்பைக் கேட்டுவிட்டு, எப்படியானாலும் கைப்பேசியை அணைத்துவிடுங்கள்.

8. திரும்புதல்

நிகழ்ச்சி 9.15 அல்லது 9.30-க்கு முடியும். கடைசி மெட்ரோ நேரத்தை அன்று காலையிலேயே மெட்ரோ செயலியில் பார்த்து, ஆர்.வி. ரோட்டில் மாறுவதற்கான இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மஞ்சள் வழித்தடம் தொடங்கிய புதிதில் 25 நிமிடத்துக்கு ஒரு ரயில்தான் ஓடியது, பின்னர் இடைவெளி குறைந்திருக்கிறது. கலைஞர்களோடு படம் எடுத்துக்கொள்ளும் ஆசையை முன்வரிசைக்காரர்களுக்கே விட்டுவிடலாம். நாங்கள் 11 மணிக்குப் பொம்மசந்திராவில் வேன் ஏறி, நள்ளிரவு தாண்டி 1.30 அளவில் தருமபுரி சேர்ந்தோம்.

பேருந்தில் திரும்புகிறவர்களுக்கு இரவு முழுவதும் சேலம் பக்கம் செல்லும் பேருந்துகள் உண்டு. ஆனால் பைபாஸ் ரைடர் வகைப் பேருந்துகள் ஊருக்குள் வராமல் டோல்கேட்டிலோ புறவழிச்சாலையிலோ இறக்கிவிட்டுப் போய்விடும். பேருந்து நிலையத்துக்குள் போகுமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். போகாது என்றால், வீட்டில் யாரையாவது இரண்டு சக்கர வண்டியோடு வரச் சொல்லிவையுங்கள்.

வேனில் வருகிறவர்களுக்கு இன்னும் ஒரு விஷயம் பாக்கி. திரும்பும்போது பாட்டுப் போட வேண்டாம் என்று ஓட்டுநரிடம் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள். அவர் பாவம், தூக்கம் வராமலிருக்கப் போடுகிறார். நாங்கள் சொல்ல மறந்தோம். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் பின் இருக்கைக்கு அடியிலிருந்த ஒலிப்பெட்டி முழங்கத் தொடங்கியது. சூளகிரியில் தேநீருக்கு நிறுத்தி, அவருக்கு இரண்டு கோப்பை வாங்கிக்கொடுத்து, அத்தையை முன் இருக்கையில் உட்காரவைத்து ஊர்க்கதை பேசச் சொன்ன பிறகுதான் அது அணைந்தது.